கெட்டிக்காரர் பக்கம்

"மச்சான், பந்து ரொம்ப மெதுவா போவுதாம்."

மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கடை வாசலில் நின்று தனபாலன் இதைச் சொன்னான். உள்ளே ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த அழகேசன் விரலைச் சுட்டுக்கொண்டான்.

"என்னடா சொல்ற? வேகமா இருக்குன்னுதானே போன வாரம் குறைச்சேன்! தோட்டத்து லயத்துப் பொம்பளைங்க ஒரு பந்தைக்கூடத் தடுக்க முடியாம முழிச்சதை நானே பார்த்தேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். ஷிப்டுக்கு நேரமாச்சு."

மைத்துனன் ரவாங் பக்கம் பறந்துவிட்டான். சொல்லச் சொன்னவர்கள் யார் என்று அழகேசன் கேட்கவில்லை. கேட்பானேன்? தனபாலனுக்கு வயது இருபத்திரண்டு. அவனுடைய கூட்டாளிகளுக்கும் அதே வயது, அதே தலைமுடி, அதே திமிர். வேகம் கேட்கிறவர்கள் அவர்கள்தான் என்று சொல்ல ஜோசியரா வர வேண்டும்?

அது எண்பத்திரண்டாம் வருஷம். ஈஜோக் கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்த அழகேசனுக்கு, சும்மா இருந்த மூளையில் ஒரு யோசனை உதித்தது. கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ஐசி சில்லு வாங்கி வந்தான். பலகையில் பெட்டி அடித்தான். பெட்டியின் மேல் இரண்டு திருகு வைத்தான். பெட்டியை டிவியோடு இணைத்தால் திரையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மட்டை, நடுவில் ஒரு பந்து. திருகைத் திருப்பினால் மட்டை ஏறும், இறங்கும். முதலில் பதினைந்து எடுப்பவர் ஜெயிப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'டிக் டிக்' சத்தத்தை முதன்முதலில் கேட்ட அன்று அழகேசன் சோறு தின்ன மறந்துபோனான்.

ரவாங்கில் மின்சாதனக் கடை வைத்திருந்த சிவானந்தம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தா பாருங்க தம்பி. பெட்டியை வாங்கப்போறது குடும்பம். அதை ஊர் பூராவும் பேசிப் பேசி விக்கப்போறது விளையாட்டுப் பைத்தியம். ரெண்டு பேருக்கும் பிடிக்கணும். எங்கயாவது ஒரு மாசம் வச்சுப் பாருங்க. நானே வந்து பார்க்கிறேன். சரியா இருந்தா தீபாவளிக்குள்ள அம்பது பெட்டி எடுத்துக்கிறேன்."

சரியாக இல்லாவிட்டால்? சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கடிதம் இருந்தது. ரவாங் தொழிற்சாலை ஒன்றில் அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குச் சேரச் சொன்ன கடிதம். அழகேசன் அங்கே ஏற்கெனவே இரண்டு வருஷம் இருந்தவன். நாள் முழுக்க ஒரே அளவு திருகாணியை ஒரே ஓட்டையில் முடுக்கி, ராத்திரி கனவிலும் அதையே முடுக்கியவன். அந்தத் திருகாணியிடம் மட்டும் திரும்பிப் போகக்கூடாது.

சோதித்துப் பார்க்க அவன் தேர்ந்தெடுத்த இடம் மூணாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பொது மன்றம். அங்கே டிவி இருந்தது. குடும்பங்கள் இருந்தன, பையன்கள் இருந்தார்கள். முக்கியமாக, அது அவன் மனைவி அமராவதியும் அவள் தம்பி தனபாலனும் பிறந்த தோட்டம். மாப்பிள்ளை மன்றத்துக்குள் நுழைந்தால் ரேடியோகூட சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் இடம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மாட்டிவிட்டு, "வாங்க, வந்து விளையாடுங்க" என்று கூப்பிட்டான். பால்மரம் வெட்டும் பெண்கள் ஏழு பேர் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தார்கள். மாமியார் சின்னத்தாய் மட்டும் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். அவள் மருமகனோடு நேருக்கு நேர் பேசியதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக எல்லாம் இருமலில்தான்.

மாமியாரின் பக்கத்து வீட்டு வள்ளியம்மா முதலில் அழகேசனோடு விளையாட உட்கார்ந்தாள். பந்து வந்தது. பந்து போனது. அது போன பிறகு வள்ளியம்மா நிதானமாகத் திருகைத் திருப்பினாள்.

"ஐயய்யோ, நழுவிடுச்சே!"

பதினைந்துக்குப் பூஜ்யம். அடுத்து ஒருத்தி வந்தாள். "ஐயய்யோ, நழுவிடுச்சே!" மறுபடியும் பூஜ்யம். ஏழு பேரும் அப்படியே.

"நமக்கெல்லாம் இது எங்க வருது மாப்பிள்ள! நீங்க படிச்சவங்க" என்று வள்ளியம்மா மைலோ டம்ளரை நீட்டினாள்.

அழகேசனுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன். வீட்டிலும் இதே கதைதான். கேரம், தாயம், இப்போது இந்தப் பெட்டி என்று கல்யாணமான நாளிலிருந்து அமராவதி அவனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பெண்களுக்குக் கையும் கண்ணும் ஒன்றாக ஓடாது என்று அவன் ஒரு முடிவுக்கே வந்திருந்தான். அதனால் பந்தின் வேகத்தைக் குறைத்தான்.

அதற்குத்தான் இப்போது தனபாலன் புகாரோடு வந்து போனான்.

சரி, பையன்களையும் பகைத்துக்கொள்ள முடியாது. வேகத்தைக் கூட்டினான். ஞாயிற்றுக்கிழமை போனால், பெண்கள் பழையபடி பூஜ்யம். வேகத்தைக் குறைத்து, மட்டையையும் இரண்டு மடங்கு நீளமாக்கினான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் பந்து தானாக வந்து மட்டையில் பட வேண்டும். வள்ளியம்மா அப்போதும் தோற்றாள். அந்த நீள மட்டையை வைத்துக்கொண்டு தோற்பதற்கு உண்மையிலேயே உழைக்க வேண்டும். அழகேசனுக்கு அது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிள் வந்தது.

"மச்சான், தூக்கம் வருதாம். மட்டையா இது, படுக்கிற பாயான்னு கேக்குறாங்க."

"வாய்க் கொழுப்பைப் பாரு! இரு, ரெண்டு கட்சிக்கும் ஒரே மருந்தா குடுக்கிறேன்."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் வைத்தான். இடப்பக்கம் தள்ளினால் நீள மட்டை, நத்தைப் பந்து. அங்கே 'குடும்பம்' என்று எழுதினான். வலப்பக்கம் தள்ளினால் சின்ன மட்டை, பறக்கும் பந்து. அங்கே 'கெட்டிக்காரர்'. எழுதி முடித்து, தள்ளி நின்று பார்த்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், சுவிட்ச் கெட்டிக்காரர் பக்கத்திலேயே இறுகிப்போய்க் கிடந்தது. அதைவிட மோசம், இரண்டு திருகிலும் ரப்பர் பால் காய்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தது.

"பார்த்தியா அமராவதி! வேணும்னே பூசியிருக்கானுங்க. குடும்பத்துக்காரங்க கையை வைக்கக்கூடாதுன்னு பண்ற அராஜகம் இது."

அமராவதி திருகைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அழகேசன் விடுகிற ஆளா? சுவிட்சின் மேல் ஒரு சின்னக் கதவு வைத்து, மேசை டிராயருக்குப் போடும் பூட்டைப் பொருத்தினான். குடும்பம் பக்கம் தள்ளிப் பூட்டினான். சாவியை யாரிடம் கொடுப்பது? தோட்டத்திலேயே பொறுப்பானவர், விளையாட்டு வாடையே படாதவர், பையன்கள் கிட்டே நெருங்க அஞ்சுகிறவர் ஒருவர்தான்.

"அமராவதி, இதை உங்கம்மாகிட்ட குடு. எந்தப் பயலுக்கும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு புகாரே இல்லை. தனபாலன் கடையைக் கடந்து போகும்போது ஹாரன் அடிப்பதோடு சரி. பூட்டு வேலை செய்கிறது என்று அழகேசன் இரண்டு நாள் மகிழ்ந்தான். மூன்றாம் நாள் பகீரென்றது. சிவானந்தம் வருகிற ஞாயிறு வருகிறார். விளையாட்டுப் பைத்தியம் எங்கே என்று கேட்டால் யாரைக் காட்டுவது? கோபித்துக்கொண்ட பையன்களைக் காலில் விழுந்தாவது கூப்பிட வேண்டியதுதான்.

"தனபாலா, உன் கூட்டாளிங்க அஞ்சு பேரைக் கூட்டிட்டு வா. கெட்டிக்காரர் பக்கம் திறந்து விடுறேன்."

தனபாலன் முகம் ஒரு மாதிரி ஆனது. "எங்களையா மச்சான்?"

"உங்களைத்தான். பூட்டினது தப்புதான்டா. மனசுல வச்சுக்காத."

"அதுக்கில்ல மச்சான், வந்து..."

"வரணும்!"

ஞாயிற்றுக்கிழமை சிவானந்தம் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக வந்து இறங்கினார். மாப்பிள்ளையோடு வந்த விருந்தாளி என்று அவருக்கும் மைலோ, வடை, விசிறி. முதலில் குடும்பம் பக்கம். வள்ளியம்மா அவரோடு விளையாடினாள்.

"ஐயய்யோ, நழுவிடுச்சே!"

பதினைந்துக்குப் பூஜ்யம். அடுத்தவள், அதற்கடுத்தவள். ஐந்தாவது ஆட்டத்தில் சிவானந்தம் கொட்டாவி விட்டார்.

சின்னத்தாயின் முந்தானை முடிச்சிலிருந்து அமராவதி வழியாகச் சாவி வந்தது. கெட்டிக்காரர் பக்கம் திறந்தது. தனபாலனும் கூட்டாளிகளும் பலியாடுகள் மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பந்து ஒரு திசையில் பறந்தது, மட்டை வேறு திசையில் ஓடியது. ஒருவன் தன் திருகு எது என்று தெரியாமல் எதிராளியின் திருகைத் திருப்பினான். பழிவாங்குறானுங்க பாவிங்க என்று அழகேசன் பல்லைக் கடித்தான்.

சிவானந்தம் எழுந்தார்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. குடும்பத்துக்கு விளையாட வரல. பைத்தியத்துக்கும் பைத்தியம் பிடிக்கல. இதை நான் யாருக்கு லா விக்கிறது?"

 அழகேசன் அவரைக் காருக்கு நடத்திக்கொண்டு போனான். செம்மண் பாதையில் நடக்க நடக்க அந்தப் பழைய திருகாணி கண்ணுக்குள் சுற்றியது. இந்தப் பெட்டியை அவன் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருந்தான். 

காரின் கதவைத் திறந்த சிவானந்தம் நின்றார்.

"அடடா, என் குடை!"

இருவரும் திரும்பி நடந்தார்கள். மன்றத்தை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. டிக்டிக்டிக்டிக் என்று விடாமல், தகரக்கூரையில் மழை விழுவது போல. அழகேசன் இதுவரை தன் பெட்டியிடமிருந்து கேட்டிராத வேகம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

சுவிட்ச் கெட்டிக்காரர் பக்கம் இருந்தது. ஒரு நாற்காலியில் சின்னத்தாய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரப்பட்டையை முப்பது வருஷமாகக் காகிதம் போல் சீவிய மணிக்கட்டு, திருகின் மேல் மயிரிழை மயிரிழையாக அசைந்தது. எதிர் நாற்காலியில் அமராவதி. அவன் பெண்டாட்டி அமராவதியேதான். கண் இமைக்கவில்லை. பதினாலுக்குப் பதினாலு. சுற்றி நின்ற பெண்கள் மூச்சுவிட மறந்திருந்தார்கள்.

"விடாதடி, விடாத!" என்றாள் வள்ளியம்மா.

"மேல போம்மா, மேல!" என்று தனபாலன் நாற்காலியின் மீது ஏறி நின்று கத்தினான்.

அமராவதியின் பந்து மூலைக்குப் பாய்ந்தது. சின்னத்தாயின் மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டியது. பந்து திரும்பிப் போய் எதிர் மட்டையைத் தாண்டியது. பதினைந்து! மன்றமே குதித்தது. குதித்த வேகத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். சின்னத்தாய் ஒரே பாய்ச்சலில் கதவுக்குப் பின்னால் போய் இருமினாள்.

சிவானந்தம் ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

"தம்பி, குடும்பத்தையும் பைத்தியத்தையும் ஒரே ஆளுக்குள்ள வச்சுக்கிட்டு எங்கிட்ட மறைச்சிட்டீங்களே! அம்பது போதாது, நூறு பண்ணுங்க. அந்தச் சுவிட்சை மட்டும் எடுத்துடாதீங்க."

அவர் குடையை இரண்டாம் தடவையும் மறந்துவிட்டுப் போனார். அழகேசன் மன்றத்தின் நடுவில் நின்றான். திருகாணி தொலைந்தது. சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, ஆனால் தலையும் சுற்றியது. அமராவதி டிவியின் பின்பக்கத்தில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வள்ளியம்மாக்கா," என்றான் பலவீனமாக, "இந்தப் பையனுங்கதானே வேகம் பத்தலன்னு சொல்லி அனுப்பினானுங்க? நீங்கள்லாம் எங்கிட்ட ஒரே மாதிரி தோத்தீங்களே, அது எப்படி?"

வள்ளியம்மா மைலோவை அவன் கையில் வைத்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுட்டு வந்தா நாங்க பெட்டியை விட்டாத்தானே பையனுங்களுக்குக் கிடைக்கும், வேகம் பத்தலன்னு சொல்லி அனுப்புனது பூரா உங்க அத்தைதான்; மாப்பிள்ளைகிட்ட சந்தேகம் வராம எப்படித் தோக்கிறதுன்னு எங்களுக்குக் கத்துக் குடுத்தது அமராவதி, அவளுக்குத்தான் ஆறு வருஷப் பழக்கமாச்சே!"