பிள்ளையின்ரை விசயம்

அடுத்தவன் வீட்டுக்குள் வந்து, காணி எவ்வளவு, அது யாருடைய பெயரில் என்று கூச்சமில்லாமல் கேட்கக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தில் இரண்டு பகுதியார்தான். ஒன்று மாப்பிள்ளை வீட்டார், மற்றது அரசாங்கம். யார் எவர் என்று தெரியாமல் வரவேற்று நாசமாய்ப் போன வீடு எங்களுடையது.

எழுபதுகளின் தொடக்கம். நான் கம்பசில் முதலாம் வருடம். (ஊரில் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் பெயர்.) வசதியற்ற மாணவர்களுக்கு அரசாங்க உதவிப்பணம் உண்டு. ஊர் அதிகாரியான விதானையார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்பதால் லொறி முதலாளிகளின் மகன்மாரும் ஏழைகளாகிவிட்டார்கள். உண்மையாகவே ஏழையான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாணவர் கூட்டத்தில் வாங்கின் (பெஞ்சின்) மேல் ஏறி நின்று, "இந்த முறையை மாத்துங்கோ! வீடு வீடா வந்து பாத்துக் குடுங்கோ!" என்று கத்தினேன். கைதட்டல் காதை அடைத்தது. என் வாழ்நாளில் அரசாங்கம் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவுக்கு வட்டுக்கோட்டையில் ஒரு சம்பந்தம் பொருந்தி, அந்தக் கிழமைக்குள் ஆள் வரும் என்று தரகர் சொல்லிப் போயிருந்தார். சொன்னபடியே (அப்படித்தான் நினைத்தோம்) வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக ஒருவர் படலையைத் திறந்தார்.

"பிள்ளையின்ரை விசயமா வந்தனான்."

எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் அக்காதான். என்னை யாரும் 'டேய்' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. அம்மா என்னைப் பின்பக்கத்தால் விரட்டினாள். "ஓடு, பக்கத்து மாஸ்டர் வீட்டிலை ஒரு கதிரை வாங்கிக்கொண்டு வா!" வீடு வீடாக வந்து பார்க்கச் சொன்ன வீரன், பார்க்க வந்தவர் உட்காரப் பிரம்புக் கதிரையை இரவல் வாங்கித் தலையில் சுமந்து வந்தேன்.

வந்தவர் அமர்ந்து பேனையைத் திறந்தார். "காணி எவ்வளவு?"

"பதினெட்டுப் பரப்பு. முழுக்கச் செம்பாட்டுத் தோட்டம்," என்றார் அப்பா. (ஒரு ஏக்கருக்கு மேல். செம்மண் என்பதும் உண்மை. குத்தகைக் காணி என்பதைத்தான் விழுங்கிவிட்டார்.)

"வீடு?"

"இந்த வீட்டை இடிச்சுப்போட்டுக் கல்வீடு கட்டப் போறம். நகையும் ஒரு பத்துப் பவுண் போடுவம்."

அவர் நிமிர்ந்தார். "நகையுமோ?" என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார். "இப்பிடி ஒளிக்காமல் சொல்லுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப, பெடியனுக்கு எங்கை உத்தியோகம்?"

"எந்தப் பெடியன்? நான் உங்கடை மகன்ரை உதவிப்பண விசயமாவெல்லோ வந்தனான்!"

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. கிடுகு வேலிக்கு அப்பால் அயல் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உள்ளதைச் சொன்னால் அக்காவின் சம்பந்தம் போகும், சொல்லாவிட்டால் என் படிப்புப் போகும். அவர் வேலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கதிரைக்குப் பின்னால் மரமாக நின்றேன். கூட்டத்தில் அத்தனை கத்திய தொண்டையிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

குசினி அடுப்படியிலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"ஐயா, உது முழுக்கப் பொய். காணி குத்தகை. நகை எண்டு என்ரை காதிலை கிடக்கிறது மட்டும்தான். நீங்கள் இருக்கிற கதிரையும் இரவல்." வேலிக்கு அப்பாலும் கேட்கும்படிதான் சொன்னாள்.

வந்தவர் பேனையை மூடினார். "எழுதி முடிஞ்ச பிறகு எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை, பிள்ளை."

உதவிப்பணம் வரவில்லை. வட்டுக்கோட்டையிலிருந்தும் யாரும் வரவில்லை. பிறகு வேறு எங்கிருந்தும் வரவில்லை. அப்பா கோயிலடிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அக்கா மாஸ்டர் வீட்டுப் பழைய மெசினில் ஊராருக்குச் சட்டை தைத்து என்னைப் படிப்பித்தாள். நான் உத்தியோகம் பார்த்து அவளுக்கு மாப்பிள்ளை தேடப் புறப்பட்டபோது, "இனி என்னத்துக்கடா?" என்று கேட்டாள்.

அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மின்சார மீற்றர் பார்ப்பவரோ, குடிசனக் கணக்கெடுப்பவரோ படலையைத் தட்டினால் போதும், என் பிள்ளைகள், "எந்தப் பிள்ளையின்ரை விசயம்?" என்று ஒரே குரலில் கத்துவார்கள். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். வீடே சிரிக்கும். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து போடுவாள்.

"பயப்பிடாமல் இருங்கோ. இது எங்கடை சொந்தக் கதிரைதான்."