சரித்திரம் படித்த சாட்சியண்ணைக்கு என்ன உத்தியோகம்?

கொழும்பு மாநகரத்தில் மழை பெய்கிறது என்பதைக்கூட ஆதாரம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சாட்சியண்ணைதான். "அண்ணை, வெளியிலை நல்ல மழை" என்று யாராவது வந்து சொன்னால், "நீர் கண்டதோ, கேட்டதோ?" என்பார். சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறவனைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி. பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓம், இப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடுவார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பிரமச்சாரிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வீடெடுத்து, ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு குடியிருந்தோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த நாளில் சமறி என்று பெயர். ஐந்து பேர் அரசாங்கக் கந்தோர்களில் கிளாக்குமார். ஆறாவது ஆள் சாட்சியண்ணை. அவருடைய சொந்தப் பெயர் தபாற்காரனுக்கு மட்டுந்தான் தெரியும்.

எங்கள் ஐந்து பேருடைய படிப்பையும் கூட்டினாலும் அவருடைய படிப்புக்குக் காணாது. சரித்திரத்தை விசேட பாடமாக எடுத்து லண்டன் பி.ஏ. பாஸ் பண்ணியவர். ஆனால் சரித்திரம் படித்தவனுக்கு அன்றைக்கு நாலே நாலு வழிதான் இருந்தது. ஒன்று சிவில் சேர்விஸ், இரண்டு வாத்தியார் வேலை, மூன்று பத்திரிகை, நாலாவது யாழ்ப்பாணம் போகிற ரயில். முதல் மூன்றையும் அண்ணை முயன்று பார்த்தார். நாலாவதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்காது. ஊரில் தகப்பனார் புகையிலைத் தோட்டத்தோடு காத்திருந்தார்.

சிவில் சேர்விஸ் சோதனையில் ஐந்து கேள்விக்கு விடை எழுதச் சொன்னார்களாம். முதலாவது கேள்வியே பிழையென்று காட்டுவதற்கு அண்ணைக்கு மூன்று மணித்தியாலமும் போய்விட்டது. "அப்ப மற்ற நாலும்?" என்று கேட்டேன். "அதுகளும் பிழைதான். எழுத நேரம் காணேல்லை" என்றார். துளி வருத்தமும் இல்லை.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. மூன்றாம் மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய அரசன் ஒருவனின் யுத்தத்தைப் பற்றி நாலாம் வகுப்புப் பொடியன் ஒருவனிடம் கேட்டார். அவன் எழும்பிக் கைகட்டி நின்று, "சேர், அதைக் கண்டவர் ஆர்?" என்று திருப்பிக் கேட்டான். இன்ஸ்பெக்டர் அடுத்தவனைப் பார்த்தார். அவனும் அதையே கேட்டான். வகுப்பு முழுக்க ஒரே குரல். அன்று பின்னேரமே அண்ணை புத்தகக் கட்டோடு சமறிக்கு வந்து சேர்ந்தார்.

பத்திரிகை வேலை ஒன்பது நாள். மரண அறிவித்தல்களைப் பார்த்துத் திருத்தி அச்சுக்குக் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் காலமான ஒரு முதலாளியைப் பற்றி, 'சகலராலும் நேசிக்கப்பட்டவர்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேறொருவர் என்றால் ஒரு காற்புள்ளி போட்டு அனுப்பியிருப்பார். அண்ணை ட்ராமில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், அயலில் நாலு வீட்டுப் படலையைத் தட்டி விசாரித்தார். அடுத்த நாள் பேப்பரில், 'அயலவர் நால்வரில் இருவரால் நேசிக்கப்பட்டவர்' என்று வந்தது. செத்தவருடைய மைத்துனன்மார் கந்தோருக்கு வந்தபோது ஆசிரியர் பின் கதவால் போய்விட்டார். அண்ணை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, மற்ற இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் என்பதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு கொச்சிக்கடையில் ஒரு ஹாஜியாருடைய பண்டகசாலை. கப்பலால் இறங்கும் மூட்டைகளைப் புத்தகத்தில் பதிய வேண்டும். அண்ணை பதிந்தார்: 'சீனி என்று சொல்லப்படும் மூட்டைகள்.' சுங்கக் கந்தோரில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். ஹாஜியார் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"என்ன தம்பி இது, சீனியெண்டு சொல்லப்படுதா? வாயில போட்டுப் பாத்தா முடிஞ்சிச்சே!"

"மேல் மூட்டையைப் போட்டுப் பாத்தனான், ஹாஜியார். கீழை இருக்கிறதை நான் காணேல்லை."

ஹாஜியார் தலையில் கையை வைத்தார். பிறகு, கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்கள வெச்சி யாவாரம் செய்ய ஏலா. ஆனா ஒங்களுக்கே செஞ்ச மாதிரி ஒரு எடம் ஈக்கிது" என்று, தன்னுடைய பிரக்கிராசியாருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஒரு காணியை வாங்குமுன், அது யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று பழைய உறுதிப் பத்திரங்களைத் தேடிப் பார்க்க அந்தச் சட்டக்காரருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மனிதர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம்! அண்ணை காணிப் பதிவுக் கந்தோரின் தூசிக்குள் புகுந்தவர், ஒவ்வொரு பின்னேரமும் தும்மிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வருவார்.

ஆனால் அது அரசாங்க உத்தியோகம் இல்லையே. அங்கேதான் வந்தது வில்லங்கம்.

ஊரில் அண்ணையின் தங்கச்சிக்கு மாற்றுச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். ரோட்டு வேலைகளை மேற்பார்த்துப் பென்சன் எடுத்த ஓவசியர் ஒருவர் வீட்டில். அவருடைய மகன் இவருடைய தங்கச்சியைக் கட்டுவான், அவருடைய மகளை இவர் கட்ட வேண்டும். ஒன்று குழம்பினால் மற்றதும் குழம்பும். தங்கச்சிக்கு முன்னமே இரண்டு இடம் பேசித் தவறியிருந்தது. ஓவசியரோ, அரசாங்க உத்தியோகம் இல்லாத மாப்பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர். "தம்பி கொழும்பிலை நல்லாய் இருக்கிறான்" என்று தகப்பனார் பட்டும் படாமலும் சொல்லி வைத்திருந்தார். இப்போது ஓவசியர் நேரில் பார்க்க வருகிறாராம்.

நாங்கள் ஐந்து பேரும் கூடி மந்திராலோசனை நடத்தினோம். அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரியில் கிளாக்கர் என்று சொல்லிவிடுவது. என்னுடைய கோட்டு, இன்னொருவனுடைய சப்பாத்து. சமையற்காரர் முத்தருக்குக்கூட, "ஐயா கச்சேரியாலை வாற நேரந்தான்" என்று பாடமாக்கிக் கொடுத்தோம்.

"அண்ணை, நீங்கள் வாய் திறக்காதேங்கோ. அது போதும்" என்றேன்.

"தங்கச்சிக்காண்டித்தான்" என்றார் அண்ணை. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

ஓவசியர் வந்தார். வெள்ளை மீசை, வேட்டிக்கு மேலே கறுத்தக் கோட்டு, கையில் ஒரு தகரப் பெட்டி. ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பிக்கு என்ன உத்தியோகம்?"

"கச்சேரியிலை, ஐயா" என்றேன் நான், கண் இமைக்காமல்.

"ஓமோ தம்பி?" என்று அவர் அண்ணையிடமே திரும்பிக் கேட்டார்.

அண்ணை கோட்டுப் பொத்தானைத் திருகினார். என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து முத்தர், நேரம் காலம் தெரியாமல், "ஐயா கச்சேரியாலை வாற நேரந்தான்!" என்று கத்தினார்.

"இல்லை ஐயா" என்றார் அண்ணை. "நான் ஒரு பிரக்கிராசியார் கந்தோரிலை பழைய உறுதி தேடுறனான். இந்தக் கோட்டும் என்ரை இல்லை."

ஓவசியரின் மீசை துடித்தது. தகரப் பெட்டியைப் படாரென்று திறந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து மேசையில் போட்டார். "பாரும்! ஹெந்தளையிலை தென்னங்காணி. என்ரை மகளின்ரை சீதனத்துக்கெண்டு முழுப் பென்சன் காசையும் போட்டு வாற கிழமை வாங்கப் போறன். கச்சேரி மாப்பிள்ளைக்கெண்டு பாத்த காணி இது!"

மனிதர் வயிறெரிந்து சொல்கிறார். எங்கள் அண்ணையோ அந்தக் கடதாசிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்! கலியாணம், தங்கச்சி, ஓவசியர் எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்து போயிற்று. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "ஐயா, காணியை விக்கிறவர் தனக்குக் கூடப்பிறந்தவை இல்லையெண்டு சொல்லுறார். இது நீங்கள் கண்டதோ, கேட்டதோ?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓவசியர் கோபத்தில் எழும்பினாலும் வெளியே போகவில்லை. முழுப் பென்சன் காசு அல்லவா? அடுத்த நாள் நான் லீவு எடுத்து, மூன்று பேருமாக பஸ் ஏறி ஹெந்தளைக்குப் போனோம். அந்த ஊர் மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டும்படி அண்ணை கேட்டார். விற்கிறவருடைய பெயருக்கு நாலு பக்கம் தள்ளி, அதே தாய் தகப்பனுக்கு ஒரு பெண் குழந்தை பதிந்திருந்தது. கோயிற்காரரிடம் அண்ணை சிங்களத்தில் கேட்டார். "ஓவ், நங்கி இன்னவா" என்று அவர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். தங்கச்சி இருக்கிறாள்! போய்ப் பார்த்தோம். ஒரு கொட்டிலுக்கு முன்னால் இருந்து தென்னந்தும்பு அடித்துக்கொண்டிருந்தாள் அந்த மனிசி. தகப்பன் விட்ட காணியில் பாதி தனக்கு என்பதும் தெரியாது, அண்ணன் அதை விற்கப் போகிறான் என்பதும் தெரியாது.

அண்ணை அந்த மண்ணில் குந்தியிருந்து, அவளுக்கு என்ன உரிமை, யாரிடம் போக வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். ஓவசியர் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் அவர் பெட்டியை எடுத்தார், ரயிலுக்குப் போனார்.

அன்றிரவு அண்ணை சாப்பிடவில்லை. "தங்கச்சிக்கு நான் என்னத்தை எழுதுறது?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொல்கிறவனை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஓவசியர் எழுதியிருந்தார்: 'தம்பி, என் மகன் உம்முடைய தங்கையைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறான். என் மகளுக்கும் சம்மதம். வேறொருவனுடைய சகோதரிக்காக மண்ணில் குந்தியிருந்த மனிதனிடம் என் பிள்ளையைத் தருவதற்குக் கச்சேரி தேவையில்லை. சீதனத்துக்கு வேறு காணி பார்க்கிறேன். அதன் உறுதியை நீரே தேடித் தாரும்.'

நாங்கள் கூத்தாடினோம். அண்ணை கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது அவரின்ரை கையெழுத்துத்தானோ?" என்றார்.

இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில் நடந்தன. பிறகு அண்ணை கொட்டாஞ்சேனையில் குடியேறி, கடைசி வரைக்கும் உறுதி தேடினார். போன மாதம் பேப்பரில் அவருடைய மரண அறிவித்தலைப் பார்த்தேன். 'சகலராலும் நேசிக்கப்பட்டவர்' என்று போட்டிருந்தார்கள். அவர் இருந்திருந்தால் அந்த வரியை வெட்டியிருப்பார். வாசித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. செத்த வீட்டுக்குப் போனேன். நரைத்த தலையோடு ஒரு மூலையில் இருந்து அழுத அண்ணையின் தங்கச்சியைப் பார்த்துவிட்டு, வெளியே இறங்கி, அயலில் நாலு வீட்டுப் படலையைத் தட்டினேன்.

நாலில் நாலு பேரும்தான், அண்ணை. கேட்டதல்ல, அவர்கள் அழுததை நானே கண்டேன்.