மூன்றாவது வால்வு

காது மந்தமாகிவிட்ட விஷயத்தைச் சாகிற வரைக்கும் மனைவியிடம் சொல்வதில்லை என்று அந்த லிஃப்ட் மெக்கானிக் ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தார். சாவு புதன்கிழமையே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஒன்பது மாடிக் கட்டடம். அவர் லிஃப்ட் குழிக்குள் குனிந்து கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே நின்ற கூட்டாளி, "அண்ணே, எடை இறங்குது, ஒதுங்குங்க" என்று மூன்று தடவை கத்தினார். மூன்றும் காற்றோடு போயின. லிஃப்டுக்கு எதிர் எடையாகத் தொங்கும் இரும்புக் கட்டைகள் அவர் தோளை உரசிக்கொண்டு இறங்கின. சட்டைக் கை கிழிந்தது. சொந்தக் கை தப்பியது.

"டாக்டரைப் பாருங்கண்ணே," என்றார் கூட்டாளி.

"பார்த்தாச்சு. ரெண்டு காதுலயும் கருவி மாட்டணுமாம். குழிக்குள்ள இறங்கக் கூடாதாம். வீட்ல தெரிஞ்சா அவ்வளவுதான். காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்."

"உங்க காதா இருந்தா பத்திரமாத்தான் இருக்கும்."

சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்ததாக வீட்டில் சொன்னார். மனைவி கணக்கு டீச்சர். கிழிசலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடியது வீட்டில் ஒன்றே ஒன்றுதான். இடிக்கப்போன ஹோட்டல் ஒன்றின் லிஃப்ட் அறையிலிருந்து தூக்கி வந்த பழைய கிட்டார் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி. அவரைவிடப் பத்து வயது மூத்தது. ரொட்டிப் பெட்டி அளவு. முன்னால் பழுப்புத் துணி, மேலே தோல் கைப்பிடி, பின்னால் பழைய ரேடியோவில் இருப்பதுபோல் மூன்று கண்ணாடி வால்வு. சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் கசிந்து, அரை நிமிஷம் சூடேறிய பிறகுதான் வாயைத் திறக்கும். வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு, கிட்டாரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். ஒரு காலத்தில் வால்யூம் குமிழ் மூன்றில் நின்றது. இப்போது ஒன்பதில் நின்றது.

"என்னங்க, சுவரே பெயர்ந்துடும் போலிருக்கு."

"என்ன?"

"சத்தம்."

"அதுவா? வால்வுக்கு வயசாயிடுச்சு. அதான் ஏத்தி வெச்சேன்."

சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே என்று ஆம்பை ரேடியோ ரிப்பேர்காரரிடம் தூக்கிப் போனார். அவர் சோதித்துவிட்டு, "மூணு வால்வும் கல்லு மாதிரி இருக்கு," என்றார். வீட்டில் அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது.

"வால்வு போயிடுச்சாம்."

"வால்வு போனா மாத்திக்கலாம். வாழ்வு போனா?" என்றாள், சட்டைக் கையைத் தைத்தபடி.

இரண்டும் அவருக்கு ஒன்றாகவே கேட்டன. "அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

எல்லாக் கேள்விக்கும் தலையாட்டல் ஒன்றே போதும் என்று நம்பினார். அந்த வாரம் தலையாட்டியே தன் பைக்கை விற்கச் சம்மதித்திருந்தார். ஒருவர் வந்து அதை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் அவருக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் மனைவி. "இன்னிக்கு எனக்காக வாசிங்க."

இருபது வருஷத்தில் அவள் கேட்டதில்லை. மனிதர் உருகிவிட்டார். சுவிட்சைப் போட்டார். ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. குமிழை ஒன்பதில் வைத்து வாசித்தார். கம்பிகள் விரலில் அதிர்ந்தன, காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. நேற்றுவரை கொஞ்சமாவது கேட்டதே. மிச்சமும் போய்விட்டதா? முகத்தில் புன்னகையை ஒட்டிக்கொண்டு வாசித்து முடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் முன்னால் குனிந்து நிதானமாகக் கேட்டாள். "உங்களுக்கு எப்படி இருக்கு?"

"பிரமாதம். வால்வுக்கு இன்னிக்குத்தான் உயிர் வந்திருக்கு. சத்தம் அதிகமோ?"

"கொஞ்சம் குறைங்க."

ஐந்துக்குக் குறைத்து ஒரு தடவை மீட்டினார். "இப்ப பதமா இருக்குல்ல?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடி வால்வு.

"தகர மூடிக்குள்ள இருக்கிற சின்ன வால்வு. இதை உருவினா மத்த ரெண்டும் எரியும், சத்தம் மட்டும் வராது, மிஷினுக்கும் கெடுதல் இல்லைன்னு ரிப்பேர்காரர் சொன்னார். காலையிலேயே உருவிட்டேன்."

அவர் தலையாட்டவில்லை.

"கிழிசல்ல கிரீஸ் இருந்துச்சு. எந்த ஆணி கிரீஸ் பூசிக்கும்? உங்க கூட்டாளிகிட்ட கேட்டேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டார். மூணு தடவை கத்தினாராம். நாலாவதா என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பியிருப்பாங்க." வால்வைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாள். "அடையாளம் காட்ட."

அதற்குமேல் அவரிடம் பொய் இல்லை. மறுநாள் அவளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். குழி வேலை போயிற்று. முப்பது வருஷம் லிஃப்டோடு மேலும் கீழும் போனவரை உதிரி பாகக் கிடங்கில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளி வந்து எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இரண்டு காதுக்கும் கருவி வந்த சாயங்காலம், குழாய் சொட்டுவதுகூட அவருக்குக் கேட்டது. மனைவி தன் கையாலேயே வால்வைச் செருகி, குமிழை மூன்றில் வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள். அவர் ஆசை ஆசையாக இரண்டு நிமிஷம் வாசித்தார். நிறுத்தினார். முகம் சுருங்கியது.

"என்ன இது, ஒரே அபஸ்வரமா கேக்குது? ரிப்பேர்காரர் மறுபடி பார்த்தா தேவலை."

அவள் தலை நிமிரவில்லை. "மிஷின் நல்லா இருக்கு. காதும் இப்ப நல்லா இருக்கு. மிச்சம் இருக்கிறது யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."