ஜப்பானைக் கூப்பிட்ட மாப்பிள்ளை

ஒரு காலத்தில் நான் பெரிய பீற்றல் பேர்வழி. 2008-இல் 'கடலூரிலேயே என்னைவிட வேகமாக டியூன் செய்கிற ஆள் கிடையாது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்யும் இல்லை. எனக்குத் தெரிந்து கடலூரில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் (இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை).

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ செட் வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசுகிற பைத்தியங்களுக்கு ஹாம் என்று பெயர். அதிலும் டிஜிட்டல் பைத்தியங்கள் வாயால் பேசுவதில்லை. கம்ப்யூட்டரில் தட்டினால் எழுத்து கீச்கீச்சென்று ஒலியாகப் போய், அந்தப் பக்கம் மறுபடி எழுத்தாக விழும். வருஷத்தில் சில சனி, ஞாயிறுகளில் கான்டெஸ்ட் நடக்கும். யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். வருகிற சிக்னல் திரையில் இரண்டு பட்டைகளாகத் தெரியும். அவை அங்கே போட்டிருக்கிற இரண்டு கோடுகளின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். மயிரிழை தள்ளினாலும் திரையில் வெறும் குப்பைதான் வரும். அதனால் ஓரிரு நொடியில் டியூன் செய்து, நம் நிலையத்தின் பெயரை அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் தாவ வேண்டும்.

அந்தச் சமயத்தில் வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு ஹாம் இருந்தார், ரேடியோவில்தான் பழக்கம். அவர் மகள் தமிழரசி கணக்கு டீச்சர், அவளும் லைசென்ஸ் வாங்கியவள். ஜாதகம் பொருந்தி, போட்டோ வந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (அவளுக்குப் பின்னால் மேஜைமேல் தெரிந்த செட்டும் பிடித்திருந்தது.) இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை போடுவதாகக்கூட வேண்டிக்கொண்டேன்.

பெண் பார்க்கும் நாளைக் குறிக்கப் போன் செய்தபோது அவர் சொன்னார்: "நீங்க சொல்ற ஞாயித்துக்கெழம கான்டெஸ்ட் இருக்கே தம்பி. பரவால்ல, வாங்க. ரெண்டயும் ஒண்ணா வச்சிக்கலாம். நீங்க டியூன் பண்றத பாக்கணும்னு பாப்பா சொல்லிக்கினே இருக்குது."

அவரிடம் நான் எவ்வளவு பீற்றியிருப்பேன் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவும் நானும் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினோம். கையில் பூ, பழம். மனதில் ஜப்பான், ரஷ்யா. வீட்டுக்குள் நுழைந்ததும் காபித் தட்டோடு வந்தவர் பெண் அல்ல, அவள் அப்பா. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பொண்ணு எங்கங்க?"

"உள்ள இருக்குதும்மா. இப்ப எழுந்தா ஃப்ரீக்வென்சிய வேற யாராவது புடிச்சிக்குவாங்க."

உள்ளே தமிழரசி பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, அதற்கு மேல் ஹெட்போன் சகிதமாக மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நாடு விழுந்தது. எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்கு மாறி, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. கொஞ்ச நேரம் நீங்க ஓட்டுங்க. செட்டு புதுசு, எந்த பட்டன் எதுக்குன்னு சொல்லிடட்டுமா?"

"தேவையில்லைங்க. எல்லா செட்டும் ஒண்ணுதானே."

(என் செட்டு நானே கோத்துக் கட்டியது. அதில் இருந்தவை நான்கு குமிழ்கள். ஒன்று வெறும் அலங்காரம்.)

பெரிய குமிழைத் திருகினேன். ஒரு ரஷ்யாக்காரர் கிடைத்தார். பக்கத்திலேயே ஒரு ஜப்பான்காரர் இன்னும் பளிச்சென்று தெரிந்தார். முதல் ஆளே ஜப்பானாக இருக்கட்டும் என்று ஆசை. பெரிய குமிழ் கொஞ்சம் இறுக்கம். அருகில் ஒரு குட்டிக் குமிழ், அதற்கொரு பட்டன். அழுத்தித் திருகினால் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. இரண்டு பட்டைகளும் இரண்டு கோடுகளில் போய் உட்கார்ந்தன. இரண்டே நொடி! தமிழரசி கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். ஜப்பான்காரர் வேறு யாருக்கோ பதில் சொன்னார். ஆறு, ஏழு, எட்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விட்டேனா பார் என்று அந்த ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"என்னடா, யாருமே ஒன்கூட பேச மாட்றாங்க?" என்றாள் பின்னால் நின்ற அம்மா.

"வானத்துல கண்டிஷன் சரியில்லம்மா." வானத்தின் மேல் பழியைப் போட்டேன். பிறகு ஆன்டெனாவைக் குறை சொன்னேன். ஆன்டெனா தமிழரசியின் அப்பா கட்டியது என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. அங்கே தனியாக ஒரு சின்ன ரிசீவரைப் பழைய கம்ப்யூட்டரில் இணைத்து வைத்திருந்தார்.

"தம்பி! ரஷ்யாக்காரர் நம்ம பேரப் போட்டு மூணு தடவ பதில் குடுத்துட்டாரு. நீங்க கண்டுக்கவே மாட்றீங்களே!"

"நான் ரஷ்யாவ கூப்புடவே இல்லையே மாமா! ஜப்பானத்தான் கூப்புட்றேன்."

தமிழரசி எழுந்து வந்து, குட்டிக் குமிழின் பட்டனை ஒரு விரலால் அணைத்தாள். திரையிலிருந்த ஜப்பான்காரர் குப்பையாகிப் போனார். அவர் இருந்த இடத்தில் ரஷ்யாக்காரர் நின்றுகொண்டு கேள்விக்குறியாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இந்தக் குமிழு கேக்கறத மட்டுந்தான் நகத்துங்க. அனுப்பறது பழைய எடத்துலயே நிக்கும். நீங்க ஜப்பான கேட்டுக்கினு, இவ்ளோ நேரமா ரஷ்யா காதுல கத்திட்டிருந்தீங்க."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"நீங்க அந்தப் பட்டன அமுக்கனப்பவே."

அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது. அம்மா பழத்தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டதைப் பார்த்தேன். கிளம்பும் நேரம், தமிழரசி வாசல்வரை வந்து கேட்டாள்.

"பதில் வராதப்ப என்னா நெனச்சீங்க?"

"ஜப்பான்காரருக்கு டியூன் பண்ணத் தெரியலன்னு நெனச்சேங்க."

"உங்க மேல தப்பு இருக்கும்னு?"

"சத்தியமா அந்த எண்ணமே வரலைங்க."

அவள் சிரித்தாள். பூவெல்லாம் குலுங்குகிற மாதிரி, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அம்மா என் பக்கம் திரும்பி, "அதயாவது சொல்லாம வந்திருக்கலாம்" என்றாள். போட்டோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று எனக்கு அழுகையே வந்தது.

இரண்டு நாள் கழித்து மாமா போன் செய்தார்.

"பாப்பாவுக்கு சம்மதம். 'பீத்தல் ஜாஸ்திதான், ஆனா கேட்டா உண்மைய சொல்லிட்றாரு'ன்னு சொல்லுது. ஒரே ஒரு கண்டிஷன். கான்டெஸ்ட் அன்னிக்கி செட்டுல நீங்க கைவைக்கக் கூடாது. காபி டூட்டி இனிமே உங்களுது மாப்ள."

மொட்டை போட்டேன், கல்யாணம் நடந்தது. அடுத்த சில மாதங்களில் மாமா வீட்டுக்கு ரஷ்யாவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. கோணல்மாணலான ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தார்: 'உங்கள் சிக்னல் பிரமாதம். விடாமல் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?'

அந்த அட்டையைத் தமிழரசி சட்டம் போட்டு எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் போட்டோவை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள். அவள் கதையை ஆரம்பித்ததும் நான் சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிடுவேன். அவள் ரஷ்யாக்காரரின் கடைசிக் கேள்விக்கு வருவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும். கூடத்தில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டதும் தட்டோடு வெளியே வருவேன். "இவருதான். இப்ப நல்லா இருக்காரு" என்று அறிமுகப்படுத்துவாள்.