பேர் தெரியாமல் கேட்கிறவர்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

தங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கடையும் சுகம். அப்பாவைப் பற்றி இந்த வரியில் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. அங்கே தாங்களும், தங்கள் முழங்கால் வலியும், தங்கள் வார்டில் இருக்கிற நோயாளிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைக் குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை இதுதான், இரும்புக்கடைக்காரர் வீட்டில் இப்படி என்று தாங்களே ஒருமுறை கேலி செய்தீர்கள். நேற்றும் இங்கேதான் எழுதினேன். "யாரு உள்ள, இவ்வளவு நேரமா?" என்று அம்மா கதவைத் தட்ட, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு அம்மா கொடுத்த கசப்பு மருந்தை இரண்டு மூடி குடித்ததில் இன்று உண்மையாகவே சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தவிர, "அத்தைகிட்ட வாயத் திறக்காதே, அவங்க ஒண்ணை ஒம்பதாக்குவாங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். போன தடவை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, நன்றாக இருந்த நான்கு பேரைப் படுக்க வைத்துவிட்டுப் போனீர்களாம். அதனால் தயவுசெய்து வரவேண்டாம். பதில் மட்டும் என் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள்.

அப்பாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சாமான் பேர் தெரியாது. "ஒரு மாதிரி வளைஞ்சு இருக்கும், மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குமே, அது", "அந்த இதுக்குள்ள போற அது" என்றுதான் கேட்பார்கள். யாரையும் பார்த்து அப்பா சிரிக்க மாட்டார். மூன்றே கேள்வி. எங்கேயிருந்து கழண்டது? கழண்டபோது என்ன சத்தம் கேட்டது? அது இல்லாமல் இப்போது எது நின்றுபோச்சு? பதில் முடிவதற்குள் கை பெட்டிக்குள் போய்விடும். வாங்கியவர், "அதான், அதான்" என்று தொலைந்த பிள்ளையைக் கண்டமாதிரி எடுத்துக்கொண்டு போவார். ராத்திரி சாப்பிடும்போது அப்பா அவர்கள் மாதிரியே பேசிக் காட்டுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எல்லாக் குழப்பத்துக்கும் அந்தச் சிரிப்புதான் காரணம் அத்தை.

நாலு மாசம் முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தக் குழியா, நீளமா கை வச்சது, அதைக் குடு" என்றார் அப்பா. கரண்டியைத்தான். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்பாவும் சிரித்தார், ஆனால் எங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக. நான் அன்றைக்குத்தான் பயந்தேன். அப்புறம் குழாய்க்காரர் வந்து கேட் வால்வு கேட்டார். இருபது வருஷமாக வாங்குகிறவர். அப்பா அவரையே பார்த்துக்கொண்டு, "எப்படி இருக்கும், சொல்லு" என்றார். அவர் பரீட்சையில் மாட்டின பையன் மாதிரி, "மேல வட்டமா ஒரு கைப்பிடி, திருகினா தண்ணி நிக்கும்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் கை சரியான பெட்டியில் இருந்தது. "என்னை வச்சு விளையாடுறீங்களேண்ணே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கைக்கு எல்லாம் தெரிகிறது அத்தை, வாய்க்குத்தான் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எனக்கும்தான் மறக்குது. நேத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டே தேடினேன்" என்றாள். சரி, நாமே சரிசெய்யலாம் என்று, கையெழுத்துப் பயிற்சி என்று பொய் சொல்லி, கடைப் பெட்டிகளில் பேர் எழுதி ஒட்டினேன். "தலையில இருக்கிறதைப் பெட்டியில எதுக்கு எழுதணும்" என்று இத்தனை வருஷம் சொன்ன அப்பா, மறுநாள் உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். என் கெட்ட நேரம், அவசரத்தில் இரண்டு சீட்டை மாற்றி ஒட்டியிருந்தேன். பல் டாக்டர் வந்து கீல் கேட்க, அப்பாவின் கை தானாகக் கீழ்ப்பெட்டிக்குப் போனது, நடுவில் நின்றது, என் எழுத்தைப் படித்தது, மேல்பெட்டியிலிருந்து நாலு தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தது. டாக்டர் சாயங்காலம் திரும்பி வந்து, "கதவைத் தொங்கவிடக் கேட்டேன் ஐயா, பூட்டிவைக்க இல்ல" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டார். யாரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது. நான் வாயைத் திறக்கவில்லை.

தாங்கள் நர்ஸ், தங்களுக்குப் பேர் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாததால் கடைக்கு வருகிறவர்கள் மாதிரியே கேட்கிறேன். எங்கேயிருந்து கழண்டது என்றால், நாக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் எங்கேயோ. சத்தம் எதுவும் கேட்கவில்லை, அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. அது இல்லாமல் நின்றுபோனது, ராத்திரி பேசிக் காட்டுவது. பத்து நாளாக அப்பா சாப்பிடும்போது பேசுவதே இல்லை. தப்பாக வந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைக்கிறேன். இதற்குப் பேர் என்ன அத்தை? இதற்கு மாற்றுச் சாமான் கிடைக்குமா?

அவசரமில்லை. லீவு எல்லாம் போடவேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வார்டில் எல்லோருக்கும் என் வணக்கம். வயதில் சிறியவளாதலால் ஆசி சொல்ல முடியாது, வாங்கிக்கொள்ள மட்டும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள் வாஷர்
(பெண் குழந்தைக்கு வைக்கிற பேரா இது என்று தாங்கள் சண்டை போட்ட அதே பேர். இத்துனூண்டு சாமான், ஆனா இது இல்லேன்னா வீடே ஒழுகும் என்று என்னைக் கையில் வாங்கினதும் அப்பா சொன்னாராமே.)

பின்குறிப்பு: வரவேண்டாம், அவசரமில்லைன்னு மேலே எழுதினதை எல்லாம் விட்டுடுங்க. இப்பத்தான் அப்பா வந்து கதவைத் தட்டினார். "யாரு?" என்றார். "நான்தான்பா" என்றேன். கதவைத் திறந்தேன். என்னையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, "சின்னதா... வட்டமா... நடுவில வச்சா ஒழுகாது... அது" என்றார். நான் சிரிக்கவில்லை. "வாஷர்ப்பா" என்றேன். "அதான், அதான்" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இது கைக்குக் கிடைச்சதும் முதல் பஸ்ஸில் வந்துடுங்க அத்தை. நான்தான் எழுதினேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, பரவாயில்லை.