நேசனைக் கொடுத்துக் கிடாரம் வாங்கிய ஜெனரல்

2014 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் சிரோக்கோ காற்று, அடுப்பை முகத்துக்கு நேரே ஊதிவிட்டதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையிலிருந்த வெப்பமானி முப்பத்தாறு பாகை காட்டியது. அந்த நேரத்தில் பலேர்மோவின் பெரிய பூங்காவில், ஒரு பைன் மரத்தின் கீழ், பதினான்கு தமிழர்கள் கூடியிருந்து ஒரு மனிதரைப் பதவியிலிருந்து தூக்குவதா விடுவதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரைப்பற்றி ஒன்றை அடித்துச் சொல்வேன். தன் பதவி என்னவென்று தெரியாமலே அதை அத்தனை முழு மனதோடு வகித்த ஒருவரை இத்தாலி அதற்கு முன் கண்டதில்லை, இனிக் காணப்போவதும் இல்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் அவருடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ஜெனரல். பட்டாளத்தில் இருந்தவர் அல்லர். லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமைப்பது, துடைப்பது, நாயை நடத்திக்கொண்டு போவது ஆகிய மூன்று வேலைகளைப் பார்த்தவர். அதே தெருவில் நான்கு கட்டடம் தள்ளி, நூற்றுப் பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு மாடிக் கட்டடத்துக்கு நான் வாசல் காவலன். ஊரில் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்த காரணத்தால் இங்கும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் சிஞ்ஞோரா நிலவறையைத் துப்பரவாக்கி, காலஞ்சென்ற கணவரின் பெட்டி ஒன்றை எறியச் சொன்னார். எறியப் போனவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திறந்து எண்ணினேன். தோல் கையுறை ஒன்பது, மட்டை நான்கு, முகமூடி ஒன்று, பந்து இருபத்திரண்டு. பேஸ்போல் சாமான்.

எங்கள் பொடியள் அதுவரை ஞாயிறுகளில் கிரிக்கெட்தான் விளையாடினார்கள். மூன்று கார்க் கண்ணாடி உடைந்த பிறகு பூங்காவில் அதற்கு இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பேஸ்போலுக்கென்று வேலி அடித்த மைதானம் ஒன்று மட்டும் இருந்தது. அதில் ஞாயிறுதோறும் ஆறு அணிகள் சேர்ந்து ஒரு சிறிய போட்டி நடத்தின. சேர்வதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தலைவர், பயிற்சியாளர், அணித்தலைவர், செயலாளர் என்று வரிசையாக வெற்றிடங்கள். கடைசி வெற்றிடம் ‘ஜெனரல் மனேஜர்’.

“மாஸ்டர், இதுக்கு என்ன வேலை?” என்று பெட்டியைக் கொண்டுவந்தவர் கேட்டார்.

“தெரியாது.”

“அப்ப நான் அதுதான். கப்டன் எண்டால் அவுட் ஆக்குவினம். கோச் எண்டால் ஏசுவினம். ஜெனரல் எண்டால் ஆர் கேக்கிறது?”

அன்றிலிருந்து ஜெனரல்.

அவர் போட்ட முதல் உத்தரவே எங்களைக் கவிழ்த்தது. நவராத்திரிக்கு நான்கு மட்டைகளையும் சரஸ்வதி படத்தின் முன் சாத்தி, சந்தனப் பொட்டு வைத்து, அவல் படைத்துக் கும்பிட்டார். பேஸ்போலில் பந்தை அடித்தவுடன் மட்டையை எறிந்துவிட்டு ஓடவேண்டும். முதல் ஆட்டத்தில் எங்கள் பொடியன் ஒருவன் அப்படி எறிந்தான். ஜெனரல் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்.

“டேய்! பொட்டு வைச்சுக் கும்பிட்ட சாமானை எறியிறியோ? கை விளங்குமோ உனக்கு?”

அதன் பிறகு எங்கள் ஆட்கள் பந்தை அடிப்பார்கள், குனிவார்கள், நித்திரையான பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல் மட்டையை நிலத்தில் வைப்பார்கள், தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள், பிறகு ஓடுவார்கள். மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். இரண்டே முக்கால் செக்கன். அதற்குள் பந்து, எங்கள் ஆள் ஓடித் தொடவேண்டிய முதல் தளத்துக்குப் போய், அங்கே நிற்பவன் மூக்கையும் சொறிந்து முடித்திருப்பான்.

எங்களிடம் உருப்படியாக இருந்தவன் நேசன் ஒருவன்தான். துறைமுகத்தில் பெட்டி ஏற்றுபவன். இடக்கையன். அவன் எறியும் பந்து புறப்படும்போது தெரியும், வந்து சேரும்போது சத்தம் மட்டும் கேட்கும். அவன் எங்களிடம் இருக்கும்போதே, பெரிய அணிகளில் ஜெனரல் மனேஜருடைய உண்மையான வேலை ஆட்களை வாங்கிக் கொடுத்து மாற்றுவது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறே மொரீசியஸ் அணியின் மனேஜரோடு பேரம் பேசினார். அவர்கள் தமிழ் வம்சம். பெயரெல்லாம் கோவிந்தன், வீராசாமி. வாயில் வருவது பிரெஞ்சு. எங்கள் ஜெனரலுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. இருவரும் கையால் கதைத்து, நேசனைக் கொடுத்து ஒரு கிடாரம் வாங்குவதென்று முடிவாயிற்று. கிடாரம் என்றால் கோயில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கிற பெரிய பாத்திரம். மறு ஞாயிறு அந்த மனேஜர் சிரித்த முகத்தோடு வந்து ஒரு கிற்றார் வாத்தியத்தைக் கொடுத்தார். கிடாரம் என்ற சொல் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

ஜெனரல் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“மாஸ்டர், இதுக்குள்ள எத்தினை கிலோ அரிசி போடலாம்?”

படம் வரைந்து காட்டி, இன்னொரு கிழமை பொறுத்து, கிடாரம் வந்து சேர்ந்தது. நேசன் கண்ணீர் வராத குறை.

“அண்ணை, என்னை ஒரு சட்டிக்கு வித்துப்போட்டியளே!”

“விக்கேல்லையடா, மாத்தினது. கிடாரம் ஒருநாளும் இடுப்பு நோவெண்டு லீவு எடுக்காது.”

அதற்குப் பிறகு நேசன் எங்களுக்கு எதிராக எறியும் ஒவ்வொரு பந்துக்கும் “கிடாரம்!” என்று கத்திக்கொண்டுதான் எறிவான். அவனால் மட்டும் ஒரே ஆட்டத்தில் பதினாறு முறை ஆட்டமிழந்தோம். பதினோரு ஆட்டம் ஆடி, பதினொன்றும் தோற்று, அந்த ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் அணித்தலைவன் சுதன். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுபவன். கதையும் வெட்டாகத்தான் வரும்.

“மொரீசியஸ்காரரில ரூல்ஸ் தெரிஞ்ச ஒராள் வரத் தயார். ஜெனரலை மாத்துவம். நேசனைக் குடுத்த ஒண்டுக்கே மாத்தலாம்.”

“கிடாரம் வரமுந்தி ஒன்பது பேர் சேராமலே நாலு மச் தோத்தம்,” என்றான் மூன்றாம் தளத்தில் நிற்கும் பொடியன். “இப்ப பதினாலு பேர் வாறம். அது ஆரால?”

“வாறது விளையாடவோ, தின்னவோ?”

“தின்னத்தான் வாறம். வந்த இடத்தில விளையாடுறம்.”

இருபது அடி தள்ளி அதே கிடாரத்தில் ஆட்டிறைச்சிச் சோறு கிண்டிக்கொண்டிருந்த ஜெனரலுக்கு எல்லாம் கேட்டது. அகப்பையைத் தூக்கிக் கொண்டு குரல் கொடுத்தார்.

“ஆராவது வந்து உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ. பிறகு என்னைத் தூக்குங்கோ.”

சுதன் போய் உப்புப் பார்த்தான். போதும் என்று தலையாட்டிவிட்டு வந்து வாக்கெடுப்பை நடத்தினான். நீக்க எட்டுப் பேர், வேண்டாமென்று ஆறு பேர். அந்த எட்டில் நானும் ஒருவன். பதினொன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்குக்கு முன்னால் வேறென்ன செய்ய?

அணியின் செயலாளரான நான் குறிப்புக் கொப்பியைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றியபோது ஜெனரல் பக்கத்தில் வந்து குந்தினார். கைலி, தோளில் துவாய், கையில் அகப்பை.

“மாஸ்டர், புதன்கிழமை வரைக்கும் அதை எழுதாதேங்கோ.”

“ஏன்?”

“கிளிநொச்சியில மூத்தவளுக்கு ஒரு சம்பந்தம் பேசுறம். பெடியன் ஜேர்மனி. பெடியன்ர மாமன் என்னைப் பாக்க செவ்வாய்க்கிழமை வாறார். தகப்பன் என்ன செய்யிறார் எண்டு கேட்டவை. ஜெனரல் மனேஜர் எண்டு மனிசி சொல்லிப்போட்டாள்.”

“எதுக்கு ஜெனரல் மனேஜர் எண்டு சொல்லேல்லையோ?”

“அவை கேக்கேல்லை, மாஸ்டர்.”

முப்பத்தொரு வருடப் பள்ளிக்கூட வேலையில் ஒரு கூட்டக் குறிப்பைக்கூட நான் மறுநாளுக்கு விட்டதில்லை. அதை அவருக்குச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “சரி மாஸ்டர், நீங்கள் எழுதுங்கோ. எழுதிப்போட்டுச் சாப்பிட வாங்கோ,” என்று எழும்பிப் போனார். அந்த நடையைப் பார்த்தபின் பேனா என் கையில் பாரமாகிவிட்டது. மை காய்ந்துவிடும் என்று ஒரு கவலை, எழுதினால் என்னாகும் என்று இன்னொரு கவலை.

பதினொன்று இருபதுக்கு வேலிக்கு வெளியே ஒரு வெள்ளை டாக்ஸி வந்து நின்றது. கோட்டுப் போட்டு, வியர்த்து ஒழுகிக்கொண்டு ஒரு பெரியவர் இறங்கினார். விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்ததால் இரண்டு நாள் முந்தியே வந்துவிட்ட ஜேர்மனி மாமா. பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன் என்று சாரதியை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

“வீட்டை போய், மனேஜர் எங்கை எண்டு கேட்டன். இல் தீரெத்தோரே இஞ்சை இருக்கிறார் எண்டு ஒரு வெள்ளைக்கார அம்மா அனுப்பினா,” என்றார். பிறகு ஜெனரலின் கைலியை மேலும் கீழும் பார்த்தார். “கதவு திறந்த அந்த அம்மா உங்கட வேலைக்காரியோ?”

பதினான்கு பேரும் ஜெனரலின் பக்கம் திரும்பினோம். ‘ஓம்’ என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லில் மகளின் கலியாணம் இருந்தது.

“இல்லை,” என்றார் ஜெனரல். “அது என்ர சிஞ்ஞோரா. அங்கை நான்தான் வேலைக்காரன். இஞ்சைதான் ஜெனரல் மனேஜர்.”

“இஞ்சை எண்டால்?”

அகப்பையால் மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். மாமா நெற்றியைத் துடைத்தார்.

“உங்களுக்குக் கீழ எத்தினை பேர்?”

“பதினாலு பேர். ஒருத்தரும் சொல்லுக் கேக்கிறேல்லை.”

மாமா திரும்பி, கொப்பியோடு இருந்த என்னைப் பார்த்தார். “ஐயா, நீங்கள் வயசில மூத்த ஆள். இவர் உண்மையிலை அந்தப் பதவியிலை இருக்கிறாரோ?”

கொப்பியை அவர் பக்கம் திருப்பினேன். கடைசியாக எழுதிக் கையெழுத்து வைத்த பக்கத்தில், ஜெனரல் மனேஜர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. அடுத்த பக்கம் வெறுமை.

“கூட்டக் குறிப்பிலை அப்பிடித்தான் இருக்கு,” என்றேன். பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

“அவர் இல்லாட்டில் ரீம் இல்லை, அங்கிள்,” என்றான் சுதன். தீர்மானத்தைக் கொண்டுவந்த அதே சுதன்.

பத்து நிமிடத்துக்கு வந்தவருக்குச் சோறு போட்டோம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கோட்டைக் கழற்றி மரத்தில் கொழுவினார். ஆட்டம் தொடங்கியது; அன்று எதிரணி மொரீசியஸ். நேசன் முதல் பந்தை எறிந்து “கிடாரம்!” என்றான். எங்கள் ஆள் அடித்தான், குனிந்தான், மட்டையை வைத்தான், கண்ணில் ஒற்றினான், ஆட்டமிழந்தான்.

“அந்தத் தம்பி ஏன் சட்டியின்ர பேரைச் சொல்லிக் கத்துறான்?” என்று மாமா கேட்டார்.

நான் முழுக் கதையையும் சொன்னேன். கிற்றார் வந்த இடத்தில் அவருக்குப் புரைக்கேறி, முதுகில் நான்கு தட்டுத் தட்டவேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெனரலைக் கூப்பிட்டார்.

“ஒரு இடக்கையனைக் குடுத்துக் கிடாரம் வாங்கின ஆள் நீங்கள். எங்கட பெடியனை நாங்கள் தந்தால் நீங்கள் என்ன தருவியள்?”

“பிள்ளையைத் தருவன்,” என்றார் ஜெனரல். கொஞ்சம் யோசித்தார். “கிடாரம் தரமாட்டன்.”

சம்பந்தம் அந்த இடத்திலேயே பேசி முடிந்தது. ஆட்டமும் முடிந்தது, பத்தொன்பதுக்கு இரண்டு. அந்த இரண்டும் எப்படி வந்ததென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனக்கோ அந்த நேரம் முழுவதும் ஆட்டத்தில் மனம் ஓடவில்லை. வேலிக்கு அப்பால் டாக்ஸி மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நல்லகாரியம் பேசி முடித்த மனிதர் வெளியே போய் அந்த எண்ணைக் கண்டால் என்ன நினைப்பார், எந்த முகத்தோடு விமானம் ஏறுவார்? கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், சாரதியின் கணக்கைத் தீர்த்தேன். ஓட்டலில் கொண்டுபோய் விடவும் சேர்த்துக் கொடுத்து, மாமா கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பலேர்மோவில் விருந்தாளிக்கு டாக்ஸி இலவசம் என்று அவர் இப்போதும் ஜேர்மனியில் சொல்லித் திரிகிறாராம்.

அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்துவிட்டது. எழுதாத தீர்மானம் நடைமுறைக்கு வராது என்று நான் விதி சொன்னேன்; யாரும் எதிர்க்கவில்லை. ஜெனரல் மேலும் இரண்டு வருடம் ஜெனரலாகவே இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் ஒரு ஆட்டம் வென்றோம். அன்று எதிரணியில் ஒன்பது பேர் சேரவில்லை. பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்து அவரும் ஜேர்மனிக்குப் போய்விட்டார். விதி தெரிந்தவர் வந்தார். பொடியள் மட்டையை எறியப் பழகினார்கள், வெல்லவும் வென்றார்கள். ஞாயிறுகளில் ஒன்பது பேரைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

அன்றே மாற்றியிருக்க வேண்டுமா என்று தமிழ்க் கடையில் இன்றும் வாதம் நடக்கும். சுதன் மாற்றியிருக்கவேண்டும் என்பான். எண்களைப் பார்த்தால் அவன் சொல்வது சரி. நான் எண்களைச் சொல்லாமல் கறிவேப்பிலையை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

டாக்ஸிக் கதை ஜெனரலுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த மனிதர் அடுத்த விமானத்தில் காசோடு வந்து நிற்பார் என்ற பயத்தில் இத்தனை காலம் வாயே திறக்கவில்லை. இது அச்சாகும் பத்திரிகை ஜேர்மனிக்கும் போவதாகச் சொல்கிறார்கள். வாசித்தால் வரட்டும். காசை நான் வாங்கப்போவதில்லை, ஆளைப் பார்த்துக் கனகாலம். டாக்ஸிக் கணக்கு: தொண்ணூற்றொரு யூரோ அறுபது சதம்.