புகைக்கு ஓர் அடுப்பு

“சோறு மண்ணெண்ணெய் மணக்குது,” என்று விமலேஸ்வரி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

மகன் சிற்றம்பலம் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பரந்தனிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்ணெண்ணெய் அடுப்பு, குசினி மூலையில் சாக்கால் மூடியிருந்தது. அது வந்ததிலிருந்து மனைவி கமலாசனி கண் எரியாமல் சமைத்தாள்; பாட்டுக்கூடப் பாடினாள். ஆனால் விறகுச் சமையல்தான் சமையல் என்னும் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. காலைத் தேத்தண்ணியை அவர் பக்கத்துக் கொட்டிலில் தானே விறகில் வைத்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாடு மட்டும் மகன் வீட்டில்.

“இல்லையம்மா, விறகிலதான் சமைச்சது.”

“அப்ப ஏன் கூரையில புகையைக் காணேல்லை?”

அடுத்த நாள் எண்ணெய் அடுப்பில் கறி கொதிக்க, பக்கத்து விறகடுப்பில் சும்மா தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கொளுத்திவிட்டான் சிற்றம்பலம்.

கமலாசனி இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். “சமைக்க ஒரு அடுப்பு, புகைக்க ஒரு அடுப்போ? முந்தி இவ்வளவு புகை இல்லையப்பா!”

“கொஞ்சம் பொறும். அம்மா பாக்கட்டும்.”

அம்மா பார்க்கவில்லை. ஈரமட்டையையும் போட்டான். குசினியே மறைந்துபோனது.

“ஐயோ, குசினி பத்துது!” பக்கத்துக் காணி ஐயாத்துரை வாளியோடு ஓடிவந்து தண்ணீரை வீசினார்.

இரண்டு அடுப்பும் அணைந்தன. கறி ரசமானது. புகை கலைந்தபோது எண்ணெய் அடுப்பைப் பார்த்தபடி வாசலில் அம்மா நின்றார்.

“இதுதானோ உன்ர விறகு?”

சிற்றம்பலம் அவசரமாகச் சாக்கை இழுத்து அடுப்பை மூடினான்.

“எல்லாரும் இருங்கோ. நான் சமைக்கிறன்.” கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

முதல்நாள் மழையில் ஊறிய விறகு. என்றாலும் நொடியில் நெருப்பு படபடத்தது. ஐயாத்துரை வாயைப் பிளந்தார்.

கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் மாமர நிழலுக்கு வந்தன. ஐயாத்துரை மறுசோறு கேட்டு வாங்கினார். சிற்றம்பலம் விரலை நக்கினான்.

“உண்மைதானம்மா, விறகுச் சோத்தின்ர ருசியே வேற. அந்த அடுப்பைத் திருப்பிக் குடுத்திடுறன்.”

கமலாசனியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

“இப்பவாவது விளங்கிச்சே,” என்றார் அம்மா, முகமெல்லாம் பூரிப்போடு.

வேலிப் படலையடியில் சைக்கிள் மணி அடித்தது. வீடுவீடாகச் சாமான் விற்கும் பக்கீர் மண்ணெண்ணெய்த் தகரத்தை இறக்கி அம்மாவைப் பார்த்தார்.

“ஆச்சி, விளக்குக்கு ஒரு போத்தல், விறகில ஊத்தி மூட்டுறதுக்கு வழமைபோல ரெண்டு போத்தல்... காணுமோ?”